காய்ச்சலில் சொன்ன பேச்சு

நூற்றி நாலு டிகிரிக் காய்ச்சலில் ஒருவர் சொன்ன எதையும் சாட்சியாக எடுக்காதீர்கள். அவர் தன்னைப் பற்றிச் சொன்னதானாலும் சரி, உங்களைப் பற்றிச் சொன்னதானாலும் சரி. பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் டிஸ்பென்சரி வேலை பார்த்தே தலை நரைத்தவன் நான். எந்த மாத்திரை எதற்கு என்று கேட்க உங்களுக்கு இன்று கையிலேயே போன் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் அதில் தேடப் போவதில்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

லயத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு விளக்க வேண்டாம். டவுனில் பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே நீளக் கூரை, அதன் கீழே வரிசையாகக் காம்பராக்கள். பழைய லயங்கள் பலவற்றில் இடைச்சுவர் கூரையைத் தொடாது. முதல் காம்பராவில் இருமினால் நாலாவது காம்பராவில் கேட்கும். அதனால் புருஷன் பெண்சாதி சண்டையைக்கூட அடங்கின குரலில் போட்டுக்கொள்ளப் பழகிய சனம் நாங்கள். காய்ச்சல்காரருக்கு மட்டும் அந்த அடக்கம் கிடையாது.

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், நெருப்புக்காய்ச்சலில் விழுந்தாள். டைபாயிட் என்று டிக்கட்டில் எழுதுவோமே, அதுதான். அந்தக் காய்ச்சல் ஒரே நாளில் ஏறாது. முதல் வாரம் தலைவலி, சோர்வு என்று படிப்படியாக ஏறி, இரண்டாவது வாரத்தில் மூளையைப் பிடிக்கும். ஒரு ராத்திரி அவள் எழுந்து உட்கார்ந்து, "நான்தான் எடுத்தேன், பீலிக்குப் பக்கத்துல பொதச்சேன்" என்று திரும்பத் திரும்பக் கத்தினாள். அதற்குச் சில மாதம் முந்தி அதே லயத்தில் ஒருவருடைய சங்கிலி காணாமல் போயிருந்தது. விடிந்ததும் அவளைக் கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். லொறி வளைவு திரும்புவதற்குள் நாலு பேர் மண்வெட்டியோடு தண்ணிப் பீலிக்குப் போய்விட்டார்கள்.

தோண்டிய இடத்தில் சேறுதான் வந்தது. சங்கிலி அங்கே இல்லையென்றால் அவள் எடுக்கவில்லை என்றுதானே ஆக வேண்டும்? அப்படி ஆகவில்லை. "வேற எடத்துல வச்சிருப்பா" என்றார்கள். மூன்று வாரம் கழித்து அவள் திரும்பி வந்தாள். உடம்பு பாதியாகிவிட்டது, தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டியிருந்தது, தான் கத்தியது எதுவும் அவளுக்கு நினைவில்லை. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் அவள் பக்கத்தில் ஒருவரும் நிற்கவில்லை. ஏன் என்றே தெரியாமல் சில நாள் நின்றாள். பிறகு ஒரு சிறு பிள்ளை சொல்லித் தெரிந்துகொண்டாள். அடுத்த வருஷம் குடும்பத்தோடு தாய்வீட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

அவள் எடுத்தாளா இல்லையா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. எனக்குத் தெரிந்தது இது: அவள் கத்திய அன்று மாலை, தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிய இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தது அந்தச் சங்கிலியைப் பற்றித்தான். பீலிப் பக்கம் தேடினீர்களா என்று ஒருத்தி மற்றவளைக் கேட்டிருக்கிறாள். நோயாளி தூங்குகிறாள் என்று நினைத்துப் பேசிய பேச்சு.

உடம்பு சூடாவது எப்படி என்று தெரிந்தால் இது புரியும். மூளைக்குள் ஹைபோதலமஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. உடம்பின் சூடு எவ்வளவு இருக்க வேண்டும் என்று அதுதான் வைத்திருக்கிறது. கிருமி உள்ளே வந்ததும் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் சில இரசாயனங்களை விடும். அவற்றின் தூண்டுதலால் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாகி ஹைபோதலமஸில் வேலை செய்யும். தேயிலை ஸ்டோரில் டீமேக்கர் டிரையரின் சூட்டைக் கூட்டி வைப்பது போல, அது 98.4இல் இருந்த அளவை 103, 104 என்று ஏற்றி வைத்துவிடும். இரத்தம் அந்த அளவை எட்டும்வரை உடம்பு தான் குளிரில் கிடப்பதாகவே நினைத்துக்கொள்ளும். தொட்டால் சுடுகிறவர் இன்னும் ஒரு கம்பளி கேட்டு நடுங்குவது அதனால்தான். பனடோல் போட்டால் அந்தப் புரோஸ்டாகிளாண்டின் குறைகிறது, அளவு இறங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது.

உடம்பு 104இல் இருக்கும்போது "குளிருது" என்கிறவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே குளிர்கிறது. ஆனால் அந்த வீட்டில் குளிர் இல்லை. காய்ச்சல் சொல்லும் முதல் தப்புச் சாட்சி இதுதான். இதை எல்லோரும் சிரித்துக்கொண்டே மன்னித்துவிடுகிறோம், கம்பளியும் போர்த்துகிறோம். அதே மூளை அடுத்த மணி நேரத்தில் "நான் எடுத்தேன்" என்றால் மட்டும் மண்வெட்டியைத் தூக்குகிறோம்.

வெள்ளை அணுக்கள் விடும் அதே இரசாயனங்கள் தூக்கத்தைக் கெடுக்கின்றன, நரம்புகள் ஒன்றோடொன்று பேசும் முறையையும் கெடுக்கின்றன. முதலில் உடைவது கவனம். ஒரு டாக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்த சோதனை ஒன்று இருக்கிறது; செலவில்லாதது. கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். சனி, வெள்ளி, வியாழன் என்று போய்ப் புதனில் நின்று மீண்டும் வியாழனுக்குத் திரும்பினால், அல்லது நடுவில் வேறு கதை பேச ஆரம்பித்தால், அவர் கண்ணைத் திறந்துகொண்டு இருக்கிறாரே தவிர, முழுதாக இங்கே இல்லை. இந்தக் குழப்பம் ஒரே நிலையில் நிற்காது. காலையில் தெளிந்து பேசுவார், பொழுது சாய்ந்தால் மாறிவிடுவார். காலையில் வந்து பார்த்த டாக்டரய்யா "நல்லாத்தானே பேசுகிறார்" என்று சொல்லிப் போக, ராத்திரி முழுக்க விழித்திருந்த வீட்டுக்காரருக்குக் கோபம் வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இருவரும் கண்டது உண்மைதான்.

சின்ன வயதில் காய்ச்சல் கண்டவர்கள் சொல்லும் அனுபவம் ஒன்று உண்டு. கட்டைவிரல் பெருத்துக்கொண்டே போகிறது. கூரைத் தகரம் முகத்துக்குக் கிட்ட வருகிறது, பிறகு மலை உயரத்துக்குப் போகிறது. பக்கத்தில் நிற்கும் அம்மா தூரத்தில் ஒரு விரல் அளவில் தெரிகிறாள், குரல் மட்டும் காதுக்குள் கேட்கிறது. எனக்கும் இது வந்திருக்கிறது. நமுனுகல மலையே காம்பராவுக்குள் நுழையப் பார்த்ததாக எனக்கு ஒரு ஞாபகம், இன்றைக்கும் அந்த மலையை நிமிர்ந்து பார்த்தால் கொஞ்சம் மரியாதை கூடத்தான் செய்கிறது. பொருள்கள் சிறுத்தும் பெருத்தும் தெரியும் இந்த நிலைக்கு 1955இல் ஜோன் டொட் என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர் ஆலிஸ் நோய்க்குறி என்று பெயர் வைத்தார். லூயிஸ் கரோல் 1865இல் எழுதிய கதையில் ஆலிஸ் என்ற சிறுமி திடீரென்று வளர்வாள், சுருங்குவாள், அதை வைத்து. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் வைரஸ் காய்ச்சல் கண்ட பிள்ளைகளுக்கும் இது அதிகம் வருகிறது. கண்ணில் கோளாறு இல்லை. கண் அனுப்பியதை மூளை அளக்கும் இடத்தில் தடுமாற்றம். பெரும்பாலும் தானாகவே போய்விடும். பிள்ளை இப்படிச் சொன்னால் "கண்டதையும் உளறாதே" என்று அதட்டாதீர்கள். ஏற்கெனவே பயந்துபோன பிள்ளை, அடுத்த முறை சொல்லாமல் மறைத்துக்கொள்ளும்.

காய்ச்சல் கனவுகளைப் பற்றி ஜெர்மன் கனவு ஆய்வாளர் மிகாயேல் ஷ்ரேடலும் அவரோடு சேர்ந்தவர்களும் கேட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். சாதாரணக் கனவைவிட அவை விசித்திரமானவை, பயம் கூடியவை, அவற்றில் மனிதர்களோடு பழகுவது குறைவு என்று 2020இல் எழுதினார்கள். மனிதர்கள் குறைந்த கனவு என்பது எனக்குப் புதிதாக இல்லை. காய்ச்சலிலிருந்து எழுந்தவர்கள் எல்லோரும் என்னிடம் சொன்னது ஏதாவது ஒன்று உருண்டது, மூடியது, எண்ண எண்ணத் தீரவில்லை என்ற வகைதான்.

காய்ச்சலுக்கென்றே ஜுரதேவர் என்று ஒரு சாமி இருக்கிறார், தமிழ்நாட்டுச் சிவன் கோயில்கள் பலவற்றில் பார்க்கலாம். மூன்று தலை, மூன்று கால். மிளகு ரசம் படைப்பார்கள். காஞ்சிபுரத்தில் ஜுரஹரேசுவரர் என்று சிவனுக்கே தனிக்கோயில் உண்டு. திருஞானசம்பந்தரோடு வந்த அடியார்களைக் கொங்கு நாட்டில் குளிர்சுரம் பிடித்தபோது அவர் திருநீலகண்டப் பதிகம் பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. என் அப்பாயிக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அந்தப் பதிகத்தைப் பாடத் தெரிந்தவரைத் தேடி அடுத்த டிவிசன்வரை நடப்பாள். பக்கத்தில் கொத்தமல்லியும் இஞ்சியும் அவிந்துகொண்டிருக்கும். மூன்று தலை மூன்று கால் என்று செதுக்கிய சிற்பியைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு எண்ணம் உண்டு. அவன் ஒரு நாளாவது நல்ல காய்ச்சலில் படுத்து, தன் கைகால்களை எண்ணிப் பார்த்துக் கணக்குத் தப்பியவனாகத்தான் இருப்பான்.

இனி முனிக்கு வருவோம். உங்களில் படித்த பிள்ளைகள் இதைக் கேட்டாலே முகம் சுளிப்பீர்கள். ராத்திரியில் ஒருத்தி குரல் மாறிக் கத்தினால், "ரோதைமுனி அடிச்சிருச்சு", "பீலிக்கரையில பயந்திருக்கா" என்று கோடாங்கியைக் கூப்பிடுவார்கள். உடுக்கை அடித்து, விபூதி போட்டு, கயிறு கட்டுவார். நான் டிஸ்பென்சரிக்காரன், இதனால் ஆஸ்பத்திரிக்குப் போகப் பிந்தி உயிர் போனதைக் கண்டவன். கோடாங்கிக்காக வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கோடாங்கி வந்த வீட்டில், நோயாளி பேசிய பேச்சுக்கு நோயாளி பொறுப்பில்லை. பேசியது முனி. புருஷனைத் திட்டியது, மாமியாரை நாசமாய்ப் போ என்றது, பெயர் சொல்லக்கூடாத ஆளின் பெயரைச் சொன்னது, எல்லாம் முனியின் கணக்கில் போய்விடும். அவள் எழுந்ததும் குளிக்க வைத்து, கோழி அறுத்துச் சோறு போட்டு, பழையபடி சேர்த்துக்கொள்வார்கள். எங்கள் காலத்தில் கொஞ்சம் படித்த குடும்பங்கள் முனியை விட்டுவிட்டன. விட்டது நல்லது. முனி இருந்த இடத்தில் என்ன வைத்தார்கள் தெரியுமா? "மனசுல இல்லாமலா வாயில வரும்?" என்ற கேள்வியை. சங்கிலி கதையில் அந்தப் பெண்ணைக் கெடுத்தது அந்தக் கேள்விதான். முனிக்குப் பதிலாக ஹைபோதலமஸை வையுங்கள், அது போதும்.

மனசில் இல்லாமல் வாயில் வருமா என்றால், வரும். காதில் விழுந்தது வரும், பயந்தது வரும், நேற்று டிவியில் பார்த்தது வரும், முப்பது வருஷம் செய்த வேலை வரும். கடுங்காய்ச்சலில் விரல்கள் போர்வையைப் பிய்ப்பதை இப்போக்கிரட்டீஸ் என்ற கிரேக்க வைத்தியர் இரண்டாயிரத்துச் சொச்ச வருஷங்களுக்கு முன்பே எழுதி வைத்தார், கெட்ட அடையாளம் என்று. எங்கள் பெண்களிடம் அது கொழுந்தெடுப்பாக வரும். இரண்டு விரலும் கட்டைவிரலும் சேர்ந்து, போர்வையின் நூலை இரண்டிலை ஒரு மொட்டாகக் கிள்ளி, தோளுக்கு மேலே பின்னால் எறியும். கூடை இல்லை என்பது கைக்குத் தெரியாது. நிறை போடும் நேரமாகிவிட்டது என்று அழுத ஒரு பாட்டியை எனக்குத் தெரியும், பென்சன் வாங்கிப் பல வருஷமானவள். அதைப் பார்த்துப் பிள்ளைகள் "எமனுக்குக் கொழுந்து எடுக்குது" என்று ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். நிமோனியா. ஊசி போட்டதும் பத்து நாளில் எழுந்து உட்கார்ந்தாள், ஒப்பாரி வைத்தவர்களை ஒரு வழி பண்ணினாள்.

எங்களுக்கு முந்தின தலைமுறைக்கு இந்த விஷயத்தில் உங்களைவிடத் தெளிவு இருந்தது என்று நினைக்கிறேன், அதற்குக் காரணம் மலேரியா. உயரத்துத் தோட்டங்களில் அந்தக் கொசு அவ்வளவாக இல்லை. ஆனால் வெல்லவாய, புத்தல வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்தவர்கள், கீழ்நாட்டில் சேனைக்கு உதவப் போனவர்கள், திரும்பி ஏறும்போது முறைக்காய்ச்சலைக் கொண்டுவந்தார்கள். 1934இல் மழை பொய்த்து, மேற்கே ஆறுகள் ஓடாமல் குட்டை குட்டையாகத் தேங்கி, அதில் கொசு பெருகி, 1935 முடிவதற்குள் நாட்டில் சுமார் 80,000 பேரைக் கொன்ற கொள்ளைநோயைப் பற்றி என் தாத்தா காலத்தவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். கேகாலை, குருணாகல் பக்கம்தான் பேரழிவு. இடதுசாரி இளைஞர்கள் சூரியமல் இயக்கத்தின் பெயரில் வீடு வீடாகக் கொயினா கொடுத்தது அப்போதுதான்.

மலேரியாவின் குணம், அது கடிகாரம் பார்த்து வரும். இங்கே அதிகம் இருந்த வகை, ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதே நேரத்துக்குக் குளிரும், கொதிக்கும், வியர்க்கும். கொதிப்பில் இருப்பவர் உளறுவார். மறுநாள் அதே ஆள் இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு கணக்குச் சரியாகப் பேசுவார். அதற்கு அடுத்த நாள் திரும்பவும் உளறல். இதை வீட்டில் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. உளறல் காய்ச்சலுக்குச் சொந்தம், அப்பாவுக்குச் சொந்தமில்லை என்று அது தானாகத் தெரிந்துகொள்ளும். கொயினா அளவு கூடினால் காதுக்குள் இரைச்சல் வரும், கண் மங்கும். அது மருந்தின் சத்தம் என்பதையும் தெரிந்து வைத்திருந்தார்கள். அந்தக் கொயினா மரம்கூட நம் மலையில் நின்றதுதான். வெலிமடை ரோட்டில் ஹக்கல தோட்டத்தை 1861இல் தொடங்கியதே சிங்கோனா வளர்த்துப் பார்க்கத்தான். 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழியத் தொடங்கியபோது துரைமார் சிங்கோனாவை நட்டுத் தள்ளினார்கள். எல்லோரும் நட்டதில் விலை விழுந்தது, பிறகு தேயிலை.

இலங்கையில் மலேரியா உள்ளூரில் தொடர்ந்து பரவுவது 2012இல் நின்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்று கொடுத்தது. பெருமைப்பட வேண்டிய வேலை. அதனோடு ஒரு பழக்கமும் போய்விட்டது. இன்றைய காய்ச்சல் ஒரே மூச்சாக வருகிறது, வீட்டார் உளறலை வாழ்க்கையில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் கேட்கிறார்கள், கேட்டதும் ஆடிப்போகிறார்கள்.

காய்ச்சலில் தோன்றுவது எல்லாமே குப்பைதானா என்று ஒரு பேரன் கேட்டான். இல்லை. 1858 தொடக்கத்தில் மலுக்குத் தீவுகளில் அல்பிரட் ரசல் வொலஸ் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் குளிர்காய்ச்சலில் கிடந்தார். கம்பளியைச் சுற்றிக்கொண்டு நடுங்கியபடி, முன்பு படித்த மல்தூஸின் நூலை நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, உயிரினங்களில் எவை பிழைக்கின்றன, எவை அழிகின்றன, அதனால் இனங்கள் எப்படி மாறுகின்றன என்ற விடை தோன்றியது. அதை டார்வினுக்கு எழுதி அனுப்ப, அந்த ஆண்டு ஜூலை 1ஆம் திகதி லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுதியதும் சேர்த்து வாசிக்கப்பட்டது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் காய்ச்சலைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். வொலஸ் செய்ததைப் பாருங்கள். நடுக்கம் விடும்வரை காத்திருந்தார். அன்று மாலை குறிப்பு எடுத்தார், அடுத்த மாலைகளில் உட்கார்ந்து திருத்தமாக எழுதினார். தெளிந்த தலையில் நிற்குமா என்று பார்த்த பிறகுதான் கப்பலில் போட்டார். உங்களில் எத்தனை பேர் 102 டிகிரியில் படுத்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு "இனி பேச வேணாம்" என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

கொழும்பில் கடையிலும் கட்டுநாயக்கவில் கார்மென்டிலும் வேலை செய்கிற பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. போர்டிங் அறையில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் சம்பளம் வெட்டுவார்கள் என்று எல்லோரும் கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போகிறீர்கள். ஒருவராவது மத்தியானம் எட்டிப் பார்க்க முறை வையுங்கள். டெங்கு இந்த நாட்டில் 2017இல் மட்டும் 186,000 பேருக்கு மேல் பிடித்தது. அதில் ஏமாற்றும் நாள் எது என்றால், காய்ச்சல் விட்டது என்று எழுந்து முகம் கழுவும் நாள். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் சூடு இறங்கும்போதுதான் இரத்தக்குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், அமைதியில்லாமல் புரள்வது, அல்லது வழக்கத்துக்கு மாறாக அசந்து கிடப்பது இருந்தால், தர்மாமீட்டர் 98 காட்டினாலும் ஆஸ்பத்திரிதான். பனடோல் தவிர டிஸ்பிரினோ புரூஃபெனோ கொடுக்காதீர்கள். கழுத்து விறைத்தாலும், எழுப்ப முடியாமல் போனாலும், பேச்சுக் குழறினாலும் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் காசு கேட்காது.

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலில் வலிப்பு வரலாம். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பெரும்பாலும் சில நிமிஷத்தில் நின்றுவிடும். வாயில் கரண்டி வைக்காதீர்கள், கையில் இரும்புச் சாவி திணிக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஓடுங்கள். நின்றாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வயதானவர்களிடம் காய்ச்சல் தலைகீழாக வரும். எழுபது எண்பது வயது உடம்பு சூடேறவே மறுக்கும். சிறுநீரில் கிருமி, நெஞ்சில் சளி, ஆனால் தொட்டால் குளிர்ச்சி. நேற்றுவரை பேரப்பிள்ளைகளின் பெயரைச் சரியாகச் சொன்ன தாத்தா இன்று திடீரென்று உங்களைத் தன் தம்பி என்று கூப்பிட்டு, பிரட்டுக்கு நேரமாச்சு என்று செருப்பைத் தேடினால், வயசாகிவிட்டது என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். மெதுவாக வருஷக்கணக்கில் வருகிற மறதி வேறு; இரண்டு நாளில் வந்த குழப்பம் வேறு. இரண்டாவதுக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் உடம்பில் இருக்கும், பல நேரம் மருந்தும் இருக்கும்.

காய்ச்சல்காரர் உளறுவதைப் போனில் பிடித்து வட்ஸப் குரூப்பில் போடாதீர்கள். போன வருஷம் ஒரு குடும்பத்தில் பார்த்தேன். அம்மாயி காய்ச்சலில் மூத்த மருமகனை "சொத்தத் திங்க வந்தவன்" என்று திட்டியதைச் சின்னப் பையன் விளையாட்டாகப் பதிவு செய்துவிட்டான். கட்டாரிலிருந்த மருமகன் அதை வேலை இடைவேளையில் கேட்டார். அம்மாயி எழுந்து சூப் குடிக்கிறாள். குரல் மட்டும் அந்த 104 டிகிரியிலேயே எல்லோருடைய போனிலும் நிற்கிறது. அன்று பழைய லயத்தில் கத்தியதை நாலு காம்பரா கேட்டது. இதைக் கேட்க நாலு நாடு.

எழுந்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "நான் என்னென்ன சொன்னேன்?" கண்ணைப் பார்க்காமல் கேட்பார்கள். சிலர் கேட்கவே மாட்டார்கள், ஆனால் தாங்கள் கண்டதை முழுக்க நம்பிக்கொண்டிருப்பார்கள்: நர்ஸ் விஷம் வைத்தாள், மகன் விற்றுவிட்டான், கட்டிலைச் சுற்றிப் பாம்பு. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பிழைத்து வந்தவர்களிடம் இது மாதக்கணக்கில் நீடிக்கிறது. டென்மார்க், சுவீடன் போன்ற நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் இதற்கு ஒரு எளிய வழி செய்கிறார்கள். நினைவில்லாமல் கிடக்கும் நோயாளிக்காக நர்சுகளும் வீட்டாரும் ஒரு நாட்குறிப்பு எழுதுகிறார்கள். இன்று என்ன நடந்தது, யார் வந்தார்கள், எந்தக் குழாய் எங்கே போட்டார்கள் என்று. தெளிந்த பிறகு அவரோடு உட்கார்ந்து வாசிக்கிறார்கள்.

நீங்களும் செய்யலாம். ஒரு சி.ஆர். கொப்பி போதும். திகதி, நேரம், சூடு, கொடுத்த மருந்து. இது டாக்டருக்கும் உதவும். அதற்குக் கீழே அறையில் உண்மையாக இருந்ததை எழுதுங்கள். பாம்பு என்று அவர் பயந்தது மேலே தொங்கிய சேலைன் குழாய். யாரோ நெஞ்சில் அடித்த சத்தம் பக்கத்துக் கட்டிலில் ஒட்சிசன் சிலிண்டரை உருட்டியது. பெரியம்மா ஹாலி-எலவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள், அவர் அவளைத் திட்டினார், அவள் சிரித்துக்கொண்டே கால் பிடித்துவிட்டாள். திட்டியதை எழுதுங்கள், என்ன சொல்லித் திட்டினார் என்பதை எழுத வேண்டாம். அவராகக் கேட்கிற நாளில் பக்கத்தில் உட்கார்ந்து வாசியுங்கள். தனியாகக் கையில் கொடுத்துவிட்டு டியூசனுக்குப் போகாதீர்கள்.